குட்-குவிடம் ஒன்பது முறை தோற்ற தம்பிக்கு

குடியாத்தத்திலிருந்து, கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான். அவனுடைய மாமா வைத்திருந்த பழைய பிஎஸ்பி, அதாவது சோனியின் கையடக்க கேம் கருவி, இப்போது அவன் கைக்கு வந்திருக்கிறது. உள்ளே மான்ஸ்டர் ஹண்டர் ஃப்ரீடம் யுனைட் என்ற மிருக வேட்டை ஆட்டம். கேள்வியை அவன் வார்த்தையிலேயே தருகிறேன்: "அண்ணா, யான் குட்-குன்னு கோழி மாதிரி ஒண்ணு வருது. ஒன்பது தடவை தோத்துட்டேன். பட்டனை அழுத்தினா கத்தி லேட்டா வருது. லெவலும் ஏற மாட்டேங்குது. அதுக்கு உயிர் எவ்வளவு மிச்சம்னும் காட்ட மாட்டேங்குது. கேம்ல கோளாறா, இல்ல பிஎஸ்பி பட்டன் போயிடுச்சா?"

பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நீ குறையாகச் சொன்ன மூன்றும் தெரிந்தே அப்படிச் செய்யப்பட்டவை. இந்த ஆட்டத்தில் உன் வேட்டைக்காரனுக்கு லெவல் என்று ஒன்று கிடையாது. நூறு மணி நேரம் ஆடினாலும், கவசத்தையும் கத்தியையும் கழற்றி வைத்துவிட்டால் அவன் முதல் நாள் வந்த அதே ஆள்தான். மிருகத்தின் உயிரைக் காட்டும் கோடும் கிடையாது. அது எவ்வளவு களைத்திருக்கிறது என்பதை அதன் நடையைப் பார்த்து நீயேதான் கண்டுபிடிக்க வேண்டும். கேப்காம் நிறுவனம் 2004-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு முதல் மான்ஸ்டர் ஹண்டரை வெளியிட்டபோதே இதுதான் வழக்கம். உன்னிடம் இருப்பது 2008-ல் ஜப்பானிலும் 2009-ல் மற்ற நாடுகளிலும் வந்த பிஎஸ்பி ஆட்டம். பின்னால் வந்த மான்ஸ்டர் ஹண்டர் ரைஸ் மாதிரியானவை புதிதாக வருபவனைக் கொஞ்சம் கைப்பிடித்து அழைத்துப் போகும். உன்னுடையது அப்படிச் செய்யாது. நான் 2010-ல் இதே குட்-குவிடம் எத்தனை முறை தோற்றேன் என்று எண்ணவில்லை. ஆரணி பஸ்ஸில் ஆடிக்கொண்டே போய், இறங்க வேண்டிய நிறுத்தத்தை இரண்டு தடவை தவறவிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

சரி, முதலில் அந்த லேட்டாக வரும் கத்தி. கிரேட் ஸ்வோர்டு என்பது ஆளை விடப் பெரிய இரும்புப் பாளம். அதைத் தலைக்கு மேல் தூக்கி இறக்க நேரம் ஆகும். வீச ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது, திசையும் மாற்ற முடியாது. வேறு ஆட்டங்களில் பட்டனைப் படபடவென்று அழுத்தியே பழகியிருப்பாய். இங்கே அப்படி அழுத்தினால் முதல் வீச்சு முடியும்போது இரண்டாவது வீச்சு தானாகக் கிளம்பிவிடும். அதற்குள் குட்-கு திரும்பி உன் தலையில் கொத்திக்கொண்டிருக்கும். நீ தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. அடி போதாமல் தோற்கவில்லை. ஓர் அடி கூடுதலாக அடித்துத்தான் தோற்கிறாய்.

நம்ம பக்கத்து எருது விடும் விழாவுக்குப் போயிருப்பாய்தானே? மதுரைப் பக்கம் போல மாட்டைப் பிடித்துத் தொங்குவது இங்கே இல்லை. தெருவில் ஓட விடுவார்கள், யார் மாடு குறைந்த நேரத்தில் ஓடிக் கடக்கிறது என்பதுதான் கணக்கு. அங்கே அடிபடுகிறவன் பெரும்பாலும் மாடு எதிரே வரும்போது நின்றவனாக இருக்க மாட்டான். மாடு தாண்டிப் போய்விட்டது என்று நினைத்து நடுத்தெருவுக்கு இறங்கியவனாகத்தான் இருப்பான். அது சட்டென்று திரும்பிவிடும், இல்லையென்றால் பின்னாலேயே இன்னொரு மாடு வந்துவிடும். ஓரத்தில் நிற்கும் பெரியவர்களைப் பார். மாட்டின் காதையும் முன்னங்காலையும் பார்த்தே எந்தப் பக்கம் ஒடிக்கப் போகிறது என்று சொல்லிவிடுவார்கள். குட்-குவிடம் உனக்கு வேண்டியது அந்தக் கண்.

அதனால் பத்தாவது தடவை போகும்போது ஒன்று செய். முதல் ஐந்து நிமிடம் கத்தியை உருவவே உருவாதே. ஒரு குவெஸ்டுக்கு, அதாவது ஒரு வேட்டைப் பணிக்கு, 50 நிமிடம் இருக்கிறது, ஐந்து போனால் ஒன்றும் ஆகிவிடாது. சும்மா அதைச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டே இரு.

குட்-குவுக்குத் தெரிந்த வித்தைகள் கொஞ்சம்தான். கிட்டே முன்னால் நின்றால் அலகால் தொடர்ந்து கொத்தும். கொத்தும்போது முன்னே நகர்ந்துகொண்டே வரும், பக்கவாட்டுக்குத் திரும்பாது. தள்ளி நின்றால் தலையைப் பின்னுக்கு இழுத்து நெருப்பு உருண்டையைத் துப்பும். அது வளைந்து வந்து விழும், நேராகப் பாயாது. பக்கத்தில் நின்றால் வாலைச் சுழற்றும். சுழற்றுவது ஒரே மூச்சில் முழு வட்டம் கிடையாது, அரை அரை வட்டமாக இரண்டு தடவை. முதல் அரை வட்டம் முடிந்ததும் "அப்பாடா" என்று உள்ளே ஓடினால் இரண்டாவதில் மாட்டுவாய். ரொம்பத் தூரம் போனால் கண்மண் தெரியாமல் ஓடிவந்து, கடைசியில் குப்புற விழும். எழுந்து நிற்க அதற்குச் சில விநாடிகள் ஆகும். பறந்து கீழே இறங்கும்போது சிறகுக் காற்றில் உன் ஆள் தடுமாறி நிற்பான், அந்த நேரம் அடியில் போய் நிற்காதே.

இந்தப் பட்டியலில் உனக்கான நேரங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாயா? குப்புற விழுந்து எழும் நேரம். நெருப்பைத் துப்பி முடித்த நேரம். வாலின் இரண்டாவது சுற்று முடிந்த நேரம். ஒவ்வொன்றிலும் ஓர் அடி. அடித்தவுடன் எக்ஸ் பட்டனை அழுத்தி உருண்டு வெளியே வந்து, கத்தியை முதுகில் போட்டுவிடு. கிரேட் ஸ்வோர்டில் உருவும்போதே விழும் அடிதான் உன் பிழைப்பு. அதை மட்டும் வைத்துக்கொண்டு பல பெரிய மிருகங்களை முடித்தவர்கள் உண்டு. குட்-குவுக்குக் கோபம் ஏறினால் வாயோரம் நெருப்புப் பொறி தெரியும், வேகம் கூடும். அப்போது அடிக்க ஆசைப்படாமல் பழையபடி சுற்றி நட. சற்று நேரத்தில் தணியும்.

குட்-குவின் காது பெரியது, விசிறி மாதிரி விரிந்திருக்கும். அதன் பலவீனமும் அங்கேதான். சோனிக் பாம் ஒன்றைப் பக்கத்தில் வீசினால் சத்தத்தில் அப்படியே திகைத்து நின்றுவிடும். தெளிந்ததும் கோபத்தோடுதான் தெளியும், அதையும் கணக்கில் வைத்துக்கொள். சண்டையின் பிற்பகுதியில் அந்தக் காதுகள் மடிந்து தொங்கினால் அதற்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம் என்று அர்த்தம். நீ தேடிய கோடு அதன் தலையிலேயே இருக்கிறது! மற்ற மிருகங்கள் காலை இழுத்து நொண்டும், நொண்டிக்கொண்டே தன் இடத்துக்குத் தூங்கப் போகும். பெயிண்ட்பால் ஒன்றைச் சண்டை தொடங்கியவுடனே வீசி வைத்திருந்தால், அது எங்கே போனது என்று மேப்பில் தெரியும். இல்லையென்றால் ஒவ்வொரு ஏரியாவாகத் தேடி அலைய வேண்டியதுதான்.

அடி எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். ஒரே கத்தி தலையில் பட்டால் ஒரு கணக்கு, ஓட்டில் பட்டால் ஒரு கணக்கு. கத்தி "டங்" என்று தெறித்துத் திரும்பி வந்தால் இரண்டில் ஒன்று: கெட்டியான இடத்தில் அடித்திருக்கிறாய், அல்லது கத்தி மழுங்கிவிட்டது. திரையின் மூலையில் கத்தியின் கூர்மை நிறமாகத் தெரியும். சிவப்பு மட்டம், பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை, ஊதா என்று ஏறும். இப்போதைக்குப் பச்சையில் வைத்திருந்தால் போதும். மஞ்சளுக்கு இறங்கியதும் வேறு ஏரியாவுக்குப் போய்ச் சாணைக்கல் போட்டுக்கொள். சைக்கிளில் வந்து "சாணை பிடிக்கிறது" என்று குரல் கொடுப்பவரை நம் தெருவில் இப்போது பார்ப்பது அபூர்வம். நம் சின்ன வயதில் அவரிடம் அருவாமனை கொடுத்துவிட்டுக் காத்திருந்த மாதிரி, உன் ஆளும் உட்கார்ந்து தேய்த்து முடிக்கும்வரை எழமாட்டான். மிருகத்தின் எதிரில் உட்காராதே என்பதற்காகச் சொல்கிறேன்.

மருந்து குடிப்பதும் அப்படித்தான். போஷன் குடித்ததும் இரண்டு கையையும் மடக்கிப் பயில்வான் மாதிரி ஒரு போஸ் கொடுப்பான். எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த ஒரு போஸ்தான் எப்போது குடிக்கலாம், எப்போது கூடாது என்பதை ஒரு முடிவாக்கி வைத்திருக்கிறது. மூலிகையோடு நீலக் காளான் சேர்த்தால் போஷன், போஷனோடு தேன் சேர்த்தால் மெகா போஷன். அதனால் தேனை எங்கே பார்த்தாலும் விடாதே. கிளம்புவதற்கு முன் பூனைகளின் சமையலறையில் சாப்பிட்டுவிட்டுப் போ, உயிரும் ஸ்டாமினா என்ற ஓடும் தெம்பும் கூடும். நடுவில் ஸ்டாமினா கோடு குட்டையாகிக்கொண்டே வரும், அதற்குச் சுட்ட இறைச்சி வேண்டும். அந்த இறைச்சி சுடும் பாட்டு ஒரு வாரத்துக்குக் காதிலேயே நிற்கும்.

கேமரா பற்றி நீ எழுதவில்லை, ஆனால் அதிலும் கஷ்டப்பட்டுக்கொண்டிருப்பாய் என்று தெரியும். பிஎஸ்பியில் இரண்டாவது ஸ்டிக் கிடையாது. இடது கட்டைவிரலால் நகர வேண்டும், அதே பக்கம் மேலே இருக்கும் திசைப் பட்டன்களால் கேமராவைத் திருப்ப வேண்டும். நாங்கள் ஆடிய நாட்களில் ஆள்காட்டி விரலை நண்டுக் கொடுக்கு மாதிரி வளைத்துத் திசைப் பட்டன் மேல் வைத்துக்கொள்வோம். உலகம் முழுக்க இதை ஆடியவர்கள் பலர் அப்படித்தான் பிடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப் போகும். நான் சொல்வேன், அதைப் பழகாதே. மிருகம் இருக்கும் திசையில் ஓரடி எடுத்து வைத்து எல் பட்டனை ஒரு தட்டு தட்டு, கேமரா உன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். குட்-குவுக்கு அது போதும். நடுவில் அம்மா கூப்பிட்டால் பவர் சுவிட்சை மேலே ஒரு தள்ளு தள்ளிவிடு, அப்படியே தூங்கும், திரும்பி வந்து தொடரலாம்.

இப்போது ஒரு சந்தேகம். குவெஸ்டை எங்கே எடுக்கிறாய்? ஆட்டத்தில் உன் ஊரான போக்கே கிராமத்துப் பாட்டியிடமா, பலர் கூடி ஆடும் கேதரிங் ஹாலிலா? ஹாலில் எடுக்கிறாய் என்றால் இவ்வளவு நேரம் நான் எழுதியதில் பாதி வீண். ஹால் குவெஸ்டுகள் நாலு பேர் சேர்ந்து ஆடுவதற்காக வைத்தவை. நீ தனியாகப் போனாலும் மிருகத்துக்கு நாலு பேருக்கான உயிர்தான் இருக்கும், குறையாது. இதை ஆட்டம் எங்கும் தெளிவாகச் சொல்லாது. நானும் ஒரு வாரம் ஹாலில் தனியாகப் போய் முட்டிக்கொண்டவன். அப்புறம் வேலூர் கோட்டை அகழி ஓரப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஆடும் மூன்று பேர் பழக்கமானார்கள். அவர்களில் ஒருவர்தான் "தனியா ஆடினா பாட்டிகிட்ட போ தம்பி" என்றார். அடுத்த நாளே குட்-கு விழுந்தது.

ஆயுதம் எது நல்லது என்றும் கேட்பாய். மொத்தம் 11 வகை. எதுவும் மட்டம் இல்லை. ஆரம்பத்துக்கு ஸ்வோர்டு அண்ட் ஷீல்டு எடு, கையில் கத்தி இருக்கும்போதே மருந்து குடிக்கலாம், வேறு எதிலும் அது முடியாது. பெரிய கத்திதான் பிடித்திருக்கிறது என்றால் அதையே வைத்துக்கொள், மாற்றிக்கொண்டே இருக்காதே. சுத்தியல் தலையில் விழுந்தால் மிருகம் மயங்கும், ஆனால் வாலை வெட்ட முடியாது. வில்லும் துப்பாக்கியும் இப்போது வேண்டாம், அந்தக் கவசத்தில் தடுப்புச் சக்தி குறைவு.

கவசம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஒவ்வொரு கவசத் துண்டிலும் ஏதாவது ஒரு திறமைக்கான புள்ளிகள் இருக்கும். தலை, மார்பு, கை, இடுப்பு, கால் எல்லாம் சேர்த்து ஒரு திறமைக்கு 10 புள்ளி வந்தால்தான் அது வேலை செய்யும். 9 இருந்தால் ஒன்றும் இல்லாததற்குச் சமம். மைனஸ் 10 வந்தால் எதிரான கெடுதல் வந்து உட்காரும். அதனால் "இதில் டிஃபென்ஸ் நம்பர் பெரியது" என்று ஐந்து மிருகத்தின் ஐந்து துண்டை மாட்டிக்கொண்டு திரிவதை விட, ஒரே மிருகத்தின் முழு செட் பெரும்பாலும் மேல். புள்ளி குறைந்தால் கவசத்திலுள்ள துளையில் புள்ளி தரும் மணிக்கல் வைத்து நிரப்பலாம்.

அந்தக் கவசத்துக்குச் செதிலும் தோலும் அந்த மிருகத்திடமிருந்தே வர வேண்டும். அதனால்தான் ஒரே குட்-குவை எட்டு பத்து தடவை வேட்டையாட வேண்டியிருக்கிறது. ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்த என் பெரியப்பாவிடம் இந்த ஆட்டத்தைக் காட்டியிருக்கிறேன். அரை மணி நேரம் வெட்டி, குத்தி, வெடி வைத்துச் சாய்த்த மிருகத்திடமிருந்து பழுதில்லாத தோல் கிடைப்பதைப் பார்த்து, "ஒரு கீறல் இருந்தாலே நாங்க தரத்தைக் குறைச்சிடுவோம், இது என்னடா கணக்கு" என்று சிரித்தார். நியாயமான கேள்வி. ஆட்டத்தில் நேர்மாறு: தலையை உடைத்தால், வாலை வெட்டினால்தான் அருமையான பொருள்கள் கிடைக்கும்.

உயிரோடு பிடிக்கவும் செய்யலாம். காது மடிந்ததும், அல்லது நொண்டியதும், ஷாக் ட்ராப் என்ற மின்பொறியிலோ பிட்ஃபால் ட்ராப் என்ற குழிப்பொறியிலோ மாட்டவைத்து, ட்ராங் பாம் என்ற மயக்கக் குண்டு இரண்டு வீசு. தூங்கிவிடும், குவெஸ்ட் முடிந்தது. அறுத்தெடுக்கும் பொருள் கிடைக்காது, பதிலாகப் பரிசில் வேறு பொருள்கள் கூடுதலாக வரும். நேரம் மிச்சம். ட்ராப் வைப்பதற்கும் சில விநாடிகள் குனிந்திருக்க வேண்டும், அதனால் அது வேறு ஏரியாவிலிருந்து வருவதற்குள் வைத்துவிடு.

மூன்று தடவை மயங்கினால் குவெஸ்ட் தோல்வி, அது உனக்கே ஒன்பது தடவை தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பூனைகள் உன்னைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டுவந்து கேம்ப்பில் கொட்டும், பரிசுப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும். அதே இனத்துப் பூனை ஒன்றைத் துணைக்கு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். அது அடிபட்டால் மண்ணுக்குள் புகுந்து கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும், உன் மூன்று கணக்கில் சேராது. அது அடிப்பதால் பெரிய பயன் இல்லை. மிருகம் அதன் பக்கம் திரும்பும் அந்த இரண்டு மூன்று விநாடிகள்தான் அதற்குக் கொடுக்கும் சம்பளம்.

குட்-குவைத் தாண்டினால் என்ன வரும் என்று கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். பாலைவனம் வரும். பகலில் கூல் டிரிங்க் குடிக்காமல் இறங்கினால் உயிர் சொட்டுச் சொட்டாகக் குறையும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் பழைய பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனிமலையில் ஹாட் டிரிங்க். அங்கே குகையில் கேஸு என்று கண்ணே இல்லாத வெளிறிய ஒன்று தொங்கும். அதோடு சண்டை போடும்போது இசையே வராது, அதற்காகவே பலருக்கு அதைப் பிடிக்காது. மின்சாரம் பாய்ச்சும்போது கிட்டே போகாமல் இருந்தால் அது சுலபம். தண்ணீரில் பிளெசியாத் வரும். அது இடுப்பால் இடிக்கும்போது உன்னைத் தொடாமலேயே தூக்கி எறியும். அது உன் தப்பு இல்லை. ஆட்டத்தின் ஓட்டைதான், எல்லோரும் திட்டியிருக்கிறோம்.

டைக்ரெக்ஸ் வேறு கதை. தொடக்கக் காட்சியில் உன் ஆளைப் பனிமலையில் தாக்கியதே, அதுதான். ஓடிவரும், தாண்டிப் போகும், அங்கிருந்தே திரும்பி மறுபடி ஓடிவரும். ஒரே மூச்சில் இரண்டு மூன்று தடவை. நான் சொன்ன எருதுத் தெருதான் அப்படியே. எதிரே நிற்காதே, நேர் பின்னாலும் ஓடாதே, பக்கவாட்டில் விலகி நின்று அது கடைசியாக நிற்கும் இடத்துக்கு நடந்து போ. தப்பவே முடியாது என்று தோன்றினால் கத்தியை முதுகில் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி ஓடி, எக்ஸை அழுத்து. உன் ஆள் அப்படியே குப்புறப் பாய்வான். பாயும் நேரம் முழுக்க எந்த அடியும் படாது. சில சுவர்களில் பல் மாட்டிக்கொண்டு நிற்கும், அது பெரிய அதிர்ஷ்டம். மின்சாரம் ஏற்றிய கத்தி இருந்தால் நல்லது. கண்கள் சிவந்து, கையில் நரம்பு சிவப்பாகப் புடைத்தால் அடுத்த ஏரியாவுக்கு ஓடிவிடு, வெட்கப்படாதே.

கடைசியாக ஒன்று, ஆட்டத்தோடு சம்பந்தமில்லாதது. மாமாவின் பிஎஸ்பி பல வருஷம் அலமாரியில் கிடந்தது என்றால் பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியைப் பார். பழைய பேட்டரி உப்பிப் போகும். மூடி சரியாக மூடவில்லை என்றாலே சந்தேகப்படலாம். எனக்கு ஒரு கடையில் புதிது என்று சொல்லிக் கொடுத்த பேட்டரி இரண்டு மாதத்தில் உப்பிவிட்டது, கேட்டால் "வெயில் சார்" என்றார்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதே, எடுத்து வெளியே வை.

பத்தாவது தடவைக்கு எடுத்துப் போக வேண்டியவை: போஷன் 10, மெகா போஷன் முடிந்த அளவு, சாணைக்கல், பெயிண்ட்பால், சுட்ட இறைச்சி, சோனிக் பாம் இரண்டு மூன்று. கிராமத்துப் பாட்டியிடம் எடு. முதல் ஐந்து நிமிடம் கத்தியை உருவாதே. குட்-கு விழுந்ததும் எத்தனை நிமிடம் மிச்சம் இருந்தது என்று எழுது. இருபதுக்கு மேல் இருந்தால் அடுத்த ஞாயிறு கோட்டைக்குக் கொண்டு வா, ஹால் குவெஸ்டுக்கு நாலாவது ஆள் இப்போது இல்லை.